பரம்பரைச் சர்க்கரை, பரம்பரைக் கொழுப்பு: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் சர்க்கரை நோயும் பரம்பரையும் குறித்துச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதையொட்டித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில், ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட அரிய மாற்றம் காரணமாக இருக்கக்கூடும் என்று தோன்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, பெயர்கள் நீக்கப்பட்டுள்ளன.

*கேள்வி:* எனக்கு 47 வயது. 25 வயதில், முதல் பிரசவத்தின்போது சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். அன்று முதல் இன்றுவரை வெறும் வயிற்றில் எடுத்தால் 115க்கும் 125க்கும் இடையில்தான் இருக்கிறது. வீட்டுக்கே வந்து தரும் மாத்திரையைப் போட்டாலும் அதே அளவு, இரண்டு மாதம் விட்டாலும் அதே அளவு. என் அப்பாவுக்கும் இப்படித்தான். 78 வயதில் இன்னும் வயலுக்குப் போகிறார், கண்ணிலோ சிறுநீரகத்திலோ கோளாறு இல்லை. இப்போது நான்கு மாதக் கர்ப்பிணியான என் மகளுக்கும் 118 வந்திருக்கிறது. அவள் ஒல்லியானவள். இன்சுலின் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா? (வாசகி, பாலக்கோடு)

*பதில்:* உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது, 22 ஆண்டுகளாக அந்த அளவு நகரவில்லை என்ற செய்திதான். வழக்கமாக நாம் காணும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஓரிடத்தில் நிற்காது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று போகப்போக அளவு ஏறும், மாத்திரையின் எண்ணிக்கை கூடும், கடைசியில் ஊசிக்கு வரும். மூன்று தலைமுறையாக, பருமன் இல்லாதவர்களிடம், ஒரே மாதிரியான சற்றே உயர்ந்த அளவு மாறாமல் நிற்கிறது என்றால், குளுக்கோகைனேஸ் என்ற நொதிக்குரிய மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது முறை.

கணையத்தின் பீட்டா செல்களில் இருக்கும் இந்த நொதி, இரத்தத்தில் சர்க்கரை எந்த அளவைத் தொட்டதும் இன்சுலின் சுரக்க வேண்டும் என்பதை உணர்த்துகிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்குக் கிடைக்கும் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால், அந்த அளவு சற்று மேலே நகர்ந்துவிடும். மேல்நிலைத் தொட்டியின் மிதவையை இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டினால் தண்ணீர் எப்போதும் இரண்டு அங்குலம் கூடுதலாக நிற்குமே தவிர வழிந்தோடாது, இதுவும் அப்படித்தான். வெறும் வயிற்றில் ஏறத்தாழ 100 முதல் 145 வரை இருக்கும். சாப்பிட்ட பின் ஏறும் ஏற்றம் குறைவாகவே இருக்கும். உடல் தானே அந்த அளவைப் பிடித்து நிறுத்திக்கொள்வதால், மாத்திரை போட்டாலும் அது பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை.

இளம் வயதிலேயே தோன்றித் தலைமுறை தலைமுறையாக வரும் எம்.ஓ.டி.ஒய். வகை நீரிழிவில் இது ஓர் உட்பிரிவு. இதற்கும் குளுக்கோகைனேஸ் மரபணுவுக்கும் உள்ள தொடர்பு 1992இல் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இந்த அளவோடு வாழ்ந்தவர்களைப் பரிசோதித்து 2014இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், விழித்திரையில் லேசான மாற்றம் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதே தவிர, லேசர் சிகிச்சை தேவைப்படும் பாதிப்போ சிறுநீரகக் கோளாறோ கூடியிருக்கவில்லை. ஆகவே கர்ப்பக் காலம் தவிர மற்ற நேரங்களில் இதற்குப் பெரும்பாலும் மருந்தே தேவைப்படுவதில்லை.

உங்கள் மகளின் நிலை அந்த விதிவிலக்குக்குள் வருகிறது. அவருக்கு இந்த மாற்றம் இருந்தால், வயிற்றில் உள்ள குழந்தைக்கு அது போகவும் போகாமல் இருக்கவும் சரிபாதி வாய்ப்பு. குழந்தைக்கும் போயிருந்தால், தாயின் 118 அதற்கு இயல்பான அளவாகவே படும். இன்சுலின் போட்டுத் தாயின் சர்க்கரையை வலிந்து இறக்கினால் குழந்தையின் எடை குறைந்துவிடக்கூடும். போகவில்லை என்றால், தாயின் கூடுதல் சர்க்கரையைக் கண்ட குழந்தையின் கணையம் அதிகமாக இன்சுலினைச் சுரந்து, குழந்தை அரைக் கிலோவுக்கு மேல் பெருத்துப் பிரசவத்தைச் சிக்கலாக்கலாம். இதனால்தான், மாற்றம் உறுதிசெய்யப்பட்ட தாய்மார்களுக்கு, ஏறத்தாழ 26ஆம் வாரத்திலிருந்து ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவை அடிக்கடி அளந்து, அது தேவைக்கு மேல் வளர்ந்தால் மட்டும் இன்சுலின் தொடங்குவது என்ற வழக்கம் வந்திருக்கிறது.

ஆனால் இதைப் படித்துவிட்டு ஊசி வேண்டாம் என்று மகளை மருத்துவமனையிலிருந்து அழைத்து வந்துவிடாதீர்கள். கர்ப்பக் காலத்தில் மட்டும் வரும் சாதாரணச் சர்க்கரை நோயே நம் ஊரில் மிக அதிகம். அதற்குச் சிகிச்சை கட்டாயம் தேவை. நம் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைசலைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை இரத்தம் எடுத்து, 140ஐத் தாண்டினால் சர்க்கரை என்று கொள்கிறார்கள். ஊர் ஊராகப் பரிசோதிக்க அது நல்ல முறைதான். உங்கள் குடும்பத்துக்கு மட்டும் வெறும் வயிற்று அளவும் இரண்டு மணி நேர அளவும் சேர்த்துத் தேவை, இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் துப்புக் கொடுக்கும். மரபணுப் பரிசோதனையை முதலில் நீங்கள் செய்துகொள்ளுங்கள். உங்களிடம் மாற்றம் தெரிந்துவிட்டால், மகளிடம் அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் நாளும் குறையும். முடிவு வரும்வரை மகளின் மருத்துவர் சொல்வதே நடக்கட்டும்.

உங்கள் மாத்திரை வீடு தேடி வருவது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என்று நினைக்கிறேன். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. மாத்திரை தரும் தன்னார்வலரிடமோ ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ உங்கள் பழைய அளவுகள் பதிவாகியிருந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நகராத அளவு என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

*கேள்வி:* என் பேரனுக்குப் பிறந்த 50ஆம் நாளில் மூச்சு வாங்கியது. சர்க்கரை 480 என்றார்கள். இப்போது 11 மாதம், தினமும் இன்சுலின். முதல் வகைச் சர்க்கரை, வாழ்நாள் முழுவதும் ஊசி என்கிறார்கள். எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது, மருமகள் வழியில் வந்ததா? (வாசகர், அரூர்)

*பதில்:* பிறந்து ஆறு மாதத்துக்குள் வரும் சர்க்கரை நோய் முதல் வகையாக இருப்பது மிக அரிது. அந்த வயதில் வந்தால் மரபணுக் காரணம் என்றே எடுத்துக்கொண்டு, குழந்தை இப்போது எத்தனை மாதமாக இருந்தாலும் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி.

இன்சுலினை வெளியே விடும் பீட்டா செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வரும் ஒரு வாயில் உண்டு. சர்க்கரை ஏறும்போது அது மூடினால்தான் இன்சுலின் வெளியே வரும். அந்த வாயிலை அமைக்கும் கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் வாயில் திறந்தபடியே கிடக்கிறது. உள்ளே இன்சுலின் இருந்தும் வெளியே வராமல் குழந்தை தவிக்கிறது. இங்கிலாந்தின் எக்ஸிட்டரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லியின் குழுவினர் 2004இல் இதைக் கண்டறிந்தார்கள். அந்த வாயிலை மூடும் மருந்து அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே மருந்துக் கடைகளில் இருந்தது: பெரியவர்களின் சர்க்கரைக்குத் தரும் கிளிபென்கிளமைடு மாத்திரை. 2006இல் வெளியான ஆய்வில், இந்த மாற்றம் உள்ள 49 பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில் 44 பேர் இன்சுலினை முழுவதுமாக நிறுத்தினார்கள், அதுவும் முன்பைவிட நல்ல கட்டுப்பாட்டோடு.

உங்கள் பேரனுக்கும் அப்படியே ஆகும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. இன்சுலின் மரபணுவிலேயே பழுது என்றால் ஊசிதான் தொடர வேண்டும். வேறு சில வகைகளில் சில மாதங்களில் தானாக மறைந்து பின்னாளில் திரும்பி வரும். எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். மாத்திரைக்கு மாற்றுவதும் மருத்துவமனையில் சேர்த்து, அளவைப் படிப்படியாக ஏற்றிச் செய்ய வேண்டிய காரியம். வீட்டில் முயல வேண்டாம்.

மருமகளைப் பற்றிய வரிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த மாற்றம் பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் கரு உருவாகும்போது புதிதாகத் தோன்றுவது. அந்தப் பேச்சை வீட்டில் இன்றோடு விட்டுவிடுங்கள்.

*கேள்வி:* எனக்கு 34 வயது, சிப்காட்டில் வேலை. சைவம், ஒல்லி. கெட்ட கொழுப்பு 290. குதிகால் நரம்பு தடித்திருக்கிறது, விரல் முட்டிகளில் கட்டி. என் அம்மாவுக்கு 52 வயதில் பைபாஸ். அம்மாவின் அண்ணன் 43 வயதில் மாரடைப்பில் இறந்தார். அவர் மகளைத்தான் திருமணம் செய்திருக்கிறேன். மனைவிக்குப் பரிசோதனை எதுவும் செய்ததில்லை. எங்கள் ஆறு வயது மகளுக்கு முழங்காலிலும் பிட்டத்திலும் மஞ்சளாகத் தடிப்புகள். மரு என்று களிம்பு தடவிவந்தோம். போன வாரம் கொழுப்பு பார்த்ததில் எல்.டி.எல். 540 என்று வந்திருக்கிறது. ஆய்வகத் தவறாக இருக்குமா? (வாசகர், ஓசூர்)

*பதில்:* இருக்காது என்றே நினைக்கிறேன். இந்த இதழ் கைக்கு வரும் முன்பே தங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரிய வேண்டியது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

கெட்ட கொழுப்பு என்று நாம் சொல்லும் எல்.டி.எல். துகளை இரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்க, கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் உள்ளன. அமெரிக்காவின் டாலஸ் நகரில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இருவர், உங்கள் மகளைப் போன்ற குழந்தைகளின் தோல் செல்களை வளர்த்து ஆராய்ந்துதான் இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1985இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஏற்பிக்குரிய மரபணுவின் ஒரு பிரதி பழுதானால் எல்.டி.எல். பிறந்தது முதலே ஏறத்தாழ இரு மடங்காக நிற்கும். ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இது உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் சேர்த்து 2011 கணக்கெடுப்பின்படி 33 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். உலகச் சராசரியை அப்படியே பொருத்திப் பார்த்தால் 11,000 பேருக்காவது இருக்க வேண்டும். அவர்களில் மிகப் பலர் இதை அறியாமல்தான் இருக்கிறார்கள்.

இரண்டு பிரதிகளும் பழுதான நிலை ஏறத்தாழ மூன்று லட்சத்தில் ஒருவருக்கு நேர்வது. எல்.டி.எல். 400, 500 என்று போகும். பத்து வயதுக்குள் தோலில் மஞ்சள் தடிப்பு வரும். சிகிச்சை இல்லாவிட்டால் இருபது வயதுக்குள்ளேயே மாரடைப்பு வரக்கூடும். உங்கள் குடும்பத்தில் இது எப்படி வந்திருக்கும் என்பதை உங்கள் கடிதத்தை வைத்தே வரைந்து பார்க்கலாம். உங்கள் அம்மாவும் மாமனாரும் உடன்பிறந்தவர்கள். இருவருக்கும் இளம் வயதில் இதயநோய். தாத்தா பாட்டியில் ஒருவரிடமிருந்து ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கிறது. அம்மா வழியாக உங்களுக்கும், மாமனார் வழியாக உங்கள் மனைவிக்கும் இறங்கியிருக்கிறது. இருவரிடமிருந்தும் ஒவ்வொன்றாக மகளிடம் சேர்ந்திருக்கிறது. உங்கள் மனைவிக்கும் எல்.டி.எல். உயர்ந்திருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நாளையே பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாகத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. மாமன் மகளைக் கட்டியதற்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள். ஆனால் இரு பக்கத்துக்கும் பொதுவான உறவில் ஒருவர் 45 வயதுக்குள் மாரடைப்பில் போயிருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன் ஜாதகத்தோடு ஒரு கொழுப்புப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பதில் தவறில்லை.

அடுத்தது சிகிச்சை. நீங்கள் ஏற்கெனவே சைவம். களி, கீரை, கொள்ளு என்று மாற்றியும் எண் இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். உணவால் எல்.டி.எல். இறங்குவது பத்து, பதினைந்து சதவீதத்துக்குள்தான். உங்கள் கொழுப்பு தட்டிலிருந்து வருவதல்ல, கல்லீரல் அதை வாங்கிக்கொள்ளாமல் விடுவதால் தேங்குவது. உங்களுக்கு ஸ்டாடின் மாத்திரையும், தேவைப்பட்டால் எசெடிமைபும் நன்றாகவே வேலை செய்யும். மகளுக்கு அவை உடனே தொடங்க வேண்டும், ஆனால் போதாமல் போகலாம். ஏற்பி எந்த அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்துப் புதிய ஊசி மருந்துகள், டயாலிசிஸ் போல இரத்தத்தைக் கருவியில் செலுத்தி எல்.டி.எல்.ஐ மட்டும் பிரித்தெடுக்கும் முறை, கடைசியாகக் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை வரை வழிகள் இருக்கின்றன. மருந்தோடு கூடவே எக்கோ எடுத்து, மகாதமனி வால்வையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு அங்கும் கொழுப்பு படியும்.

இதே போன்ற தடிப்பும் உயர்ந்த கொழுப்பும் கொண்ட இன்னொரு அரிய நோய் உண்டு. அதில் எண்ணெய் வித்துகளிலும் கொட்டைகளிலும் உள்ள தாவர ஸ்டீரால்களை உடல் வெளியேற்றாமல் சேர்த்துக்கொள்ளும். அதில் பெற்றோரின் கொழுப்பு பெரும்பாலும் இயல்பாக இருக்கும், சிகிச்சையும் வேறு. உங்கள் எண்ணைப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும் மரபணுப் பரிசோதனையில் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

இன்னொரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால், ஒவ்வொரு கருவுக்கும் இந்த நிலை வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மாற்றம் இன்னதென்று இப்போதே தெரிந்துவிட்டால் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே கண்டறிய முடியும். மனைவி ஸ்டாடின் தொடங்குவதாக இருந்தால், கருவுறத் திட்டம் இருப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

*கேள்வி:* எச்சிலை அனுப்பினால் சர்க்கரை வருமா வராதா என்று சொல்லும் தனியார் பரிசோதனை இணையத்தில் வருகிறது. வாங்கலாமா? (வாசகர், பென்னாகரம்)

*பதில்:* அந்தப் பணத்தில் இடுப்பளவை அளக்க ஒரு டேப்பும், பாதிக்குமேல் மிச்சமும் உங்களுக்குக் கிடைக்கும். சாதாரண இரண்டாம் வகைச் சர்க்கரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பொதுவான மரபணு மாற்றங்கள், ஒவ்வொன்றும் சிறு அளவில் பங்கு வகிக்கின்றன. அவற்றில் வலுவானவற்றுள் ஒன்றான டி.சி.எஃப்.7.எல்.2 மாற்றமே, ஒரு பிரதி இருந்தால் அபாயத்தை ஏறத்தாழ 1.4 மடங்காகத்தான் உயர்த்துகிறது. மேலே நாம் பார்த்த அரிய மாற்றங்கள் வேறு இனம். ஒன்றே போதும், நோயைக் கொண்டுவர. அவற்றை இத்தகைய எச்சில் பரிசோதனைகள் பெரும்பாலும் முழுதாகப் பார்ப்பதில்லை. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவும் இதுவரை பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையது. இந்தியர் 10,000 பேரின் முழு மரபணுத் தொகுப்பைப் பதிவுசெய்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது.

*கேள்வி:* என் பாட்டிக்கு 88 வயது. மாம்பழப் பருவத்தில் காலையும் மாலையும் பழம்தான். சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. நோய் வராமல் காக்கும் மரபணு என்று உண்டா? (கல்லூரி மாணவி, காவேரிப்பட்டணம்)

*பதில்:* உண்டு, இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். 2003இல் பிரெஞ்சுக் குடும்பங்களில் பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு அளவுக்கு மீறி வேலை செய்து கொழுப்பை ஏற்றுவதைக் கண்டார்கள். கல்லீரலின் எல்.டி.எல். ஏற்பிகளை அழிப்பது அதன் தொழில். அப்படியானால் அது முடங்கிப்போனவர்கள் எப்படி இருப்பார்கள் என்று டாலஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹென் குழுவினர் தேடினார்கள். அதை முடக்கும் மாற்றம் உள்ள கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு. 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதயநோய் 88 சதவீதம் குறைவு என்று 2006இல் வெளியிட்டார்கள். இரண்டு பிரதிகளும் முடங்கிய 32 வயதுப் பெண் ஒருவரின் எல்.டி.எல். வெறும் 14, அவர் முழு ஆரோக்கியத்தோடு இருந்தார். இந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன. ஓசூர் வாசகருக்குச் சொன்ன புதிய ஊசிகளில் அவையும் அடங்கும்.

சர்க்கரைக்கும் உடல் பருமனுக்கும் இப்படி உண்டு. எஸ்.எல்.சி.30.ஏ.8 என்ற மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை அபாயம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைவு என்று 2014இலும், ஜி.பி.ஆர்.75 செயலிழந்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 5 கிலோ எடை குறைவு என்று 2021இலும் தெரியவந்தது. இரண்டாவது மாற்றம் பத்தாயிரம் பேரில் நான்கு பேருக்கு மட்டுமே உண்டு. பாட்டிக்கு இவற்றில் ஏதும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் இளமையில் தலையில் கூடை சுமந்து எத்தனை மைல் நடந்தார் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் பாட்டியின் மரபணுவில் கால் பங்கைத்தான் பெற்றிருக்கிறீர்கள் என்பதையும், மாம்பழத் தட்டை எடுக்கும் முன் நினைவில் வையுங்கள்.

*கேள்வி:* இப்படிச் சந்தேகம் இருந்தால் எங்கே போவது? (வாசகர், ஊத்தங்கரை)

*பதில்:* வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு போன்ற முதற்கட்டப் பரிசோதனைகளுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளே போதும். மரபணுவைப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் முடிவுசெய்தால், பரம்பரைச் சர்க்கரைக்குச் சென்னையில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் வேலூரில் சி.எம்.சி.யும் நீண்ட அனுபவம் உள்ளவை. மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு அரிய நோய்கள் கொள்கையின்படி, பட்டியலில் உள்ள நோய்களுக்குத் தேர்ந்தெடுத்த உயர் மையங்களில் 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். நம் பகுதிக்கு அருகில் பெங்களூரில் மனித மரபணு மையத்தோடு இணைந்த இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனை அவற்றில் ஒன்று. உங்கள் நோய் பட்டியலில் இருக்கிறதா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

போகும் முன் ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறையை வரையுங்கள். யாருக்கு என்ன நோய், எந்த வயதில் தெரிந்தது, அப்போது பருமனா ஒல்லியா, அளவு எவ்வளவு, இறந்திருந்தால் எந்த வயதில், எதனால் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் எழுதுங்கள். சொந்தத்தில் மணந்தவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு போடுங்கள். அது மருத்துவர்களுக்குப் பழகிய குறி. "நெஞ்சுவலியில் போய்விட்டார்" என்று மட்டும் சொல்லாமல், இறந்தவரின் பழைய மருத்துவமனைச் சீட்டு பெட்டியில் எங்காவது இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.